க்ளைமாக்ஸ்ல அந்த ட்யூன் வந்தா மட்டும் ஏன் கண்ணு கலங்குது?

பாட்டையும் குடும்பத்தையும் கலந்து எடுத்த செண்டிமென்ட் படம் எது வந்தாலும் சரி, ஷோ விட்டு வெளிய வர்ற கூட்டத்துல கொஞ்சம் காத குடுத்துப் பாருங்க, ரெண்டு பேச்சு கண்டிப்பா கேக்கும். "கடைசில தாங்க முடியலபா, அழுதுட்டேன்"னு ஒரு அக்கா மூக்க உறிஞ்சிக்கினு வருவாங்க, அவங்க பின்னாடியே "இன்னாடா இது, சீரியல் மாதிரி இழுத்துக்கினு கீறானுங்க"ன்னு ஒரு தம்பி வருவான். ஒரே ஷோ, ஒரே ஏசி, சில சமயம் ரெண்டு பேரும் ஒரே வீட்டு ஆளுங்க.

அந்த அக்காவ அழ வச்சதுல பெரிய பங்கு ஒரு சின்ன ட்யூனுக்கு இருக்கும். சினிமாக்காரங்க அத தீம் மியூசிக்னு சொல்றாங்க, மியூசிக் படிச்சவங்க லைட்மோட்டிஃப்னு சொல்லுவாங்க. ஒரு ஆளுக்கோ ஒரு உறவுக்கோ சொந்தமா ஒரு துண்டு மெட்டு, அது படம் பூரா திரும்பத் திரும்ப வரும், அவ்ளோ தான் விஷயம். ஆனா அது எப்படி உள்ள பூந்து வேலை செய்யுதுன்னு தெரிஞ்சா தான் அந்தத் தம்பி ஏன் அழலங்கறதும் புரியும்.

நெஜப் படம் எதையும் எடுத்தா சண்ட வரும், அதனால நானே ஒரு படம் கட்டுறேன். புளியந்தோப்புல ஒரு அப்பா, பேண்டு செட்டுல ட்ரம்பெட் ஊதுறவரு, கல்யாணத்துக்கும் போவாரு சாவுக்கும் போவாரு. ராத்திரி எந்நேரம் ஆனாலும் தெரு முனைல நின்னு ஒரு சின்ன பிட்டு ஊதுவாரு, அத கேட்டதும் பொண்ணு ஓடி வந்து கதவத் தொறக்கும். அதாவது அந்த ட்யூனுக்கு அர்த்தம் "அப்பா வந்துட்டாரு". கொஞ்ச நாள்ல அம்மா தவறிடுறாங்க, அப்பாவுக்கு ஊத மூச்சு பத்தல, பொண்ணோட ஃபீஸுக்கு ட்ரம்பெட்ட அடகு வைக்கிறாரு, அப்புறம் வளந்த பொண்ணு ஃப்ரெண்ட்ஸ் முன்னாடி "எங்கப்பா சாவுக்கு ஊதுறவரு"ன்னு சொல்லக் கூச்சப்பட்டு மூஞ்சியத் திருப்பிக்குது. க்ளைமாக்ஸ்ல பெரிய பாட்டுப் போட்டி, பொண்ணு மேடைல வரிய மறந்து நிக்குது, மைக்ல சத்தமே இல்ல, ஹாலோட கடைசி வரிசைல இருந்து அந்த பிட்டு வருது, அதுவும் முழுசா வரல, ரெண்டு ஸ்வரம் வந்து மூச்சு நின்னுடுது, மூணாவது ஸ்வரத்த பொண்ணு பாடுது.

எழுதும்போதே எனக்கு ஒரு மாதிரி ஆகுது, கதை என்னமோ நூறு தடவ அரைச்ச மாவு தான்.

இப்ப இந்த ட்யூன் படத்துல எங்கெங்க வந்துச்சுன்னு மட்டும் பாருங்க. முதல் தடவ வரும்போது நமக்கு அது சும்மா ஒரு சத்தம், ஆனா டைரக்டர் கூடவே ஓடி வர்ற கொழந்தையக் காட்டிட்டாரு, அதனால சத்தமும் அந்த சந்தோஷமும் ஒண்ணா ஒட்டிக்கிச்சு. ரெண்டாவது தடவ அம்மா பாத்திரம் கழுவும்போது அதையே முணுமுணுக்கிறாங்க, இப்ப அது குடும்பத்து ட்யூன். மூணாவது தடவ அடகுக் கடை சீன், அங்க யாரும் ஊதல, பாடல, ஆனா பேக்ரவுண்ட்ல வயலின்ல அதே மெட்டு மெதுவா வருது. அப்புறம் ஒரு மணி நேரம் அது வரவே வராது, பொண்ணு அப்பாவ ஒதுக்குற நேரம் பூரா அத பட்டினி போட்டுருவாங்க. தீபாவளி சீட்டு மாதிரி தான் இது, மாசா மாசம் கொஞ்சம் கொஞ்சமா நம்ம கிட்ட இருந்து வாங்கிட்டு கடைசில மொத்தமா கைல குடுக்குறாங்க, நடுவுல சீட்டு கட்டாதவனுக்கு தீபாவளி அன்னிக்கு ஒண்ணும் கெடைக்காது. இண்டர்வெல்ல வந்தவன், பாதி படம் ஃபோன நோண்டிட்டு இருந்தவன், அவனெல்லாம் க்ளைமாக்ஸ்ல "இதுக்கு ஏன்டா அழுவுறீங்க"ன்னு கேக்குறது நியாயம் தான், அவனுக்கு அது ரெண்டு ஸ்வரம், அவ்ளோ தான்.

இங்க இன்னொரு சின்ன விஷயம் சொல்லிடுறேன், சினிமா பத்தி படிக்க ஆரம்பிச்சா முதல்ல சொல்லிக் குடுக்குறது இது. படத்துக்குள்ள இருக்குற ஆளுங்க காதுலயும் விழுற சத்தம் ஒரு வகை, அப்பா ஊதுனது, அம்மா முணுமுணுத்தது. நமக்கு மட்டும் கேக்குறது இன்னொரு வகை, அந்த அடகுக் கடை வயலின், கடைக்காரருக்கு அது கேக்காது. மத்த படங்கள்ல இந்த ரெண்டும் பெரும்பாலும் தனித்தனியா ஓடும், மியூசிக்க வச்சு எடுக்குற குடும்பப் படத்துல ட்யூன் அடிக்கடி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தாவிக்கிட்டே இருக்கும். க்ளைமாக்ஸ்ல என்னா ஆகுதுன்னா, ரொம்ப நேரமா நமக்கு மட்டும் தெரிஞ்ச அந்த மெட்டு மறுபடி கதைக்குள்ள எறங்கி பொண்ணு காதுல விழுது. நம்ம மனசுல இருந்தது அவளுக்கும் கேட்டுடுச்சுங்கற மாதிரி ஒரு உணர்ச்சி. தொண்டைல வந்து அடைக்கிறது பெரும்பாலும் இந்த எடத்துல தான்.

இந்த ஐடியா சினிமாவுக்கு முன்னாடியே இருக்கு. ஜெர்மனில ரிச்சர்ட் வாக்னர்னு ஒருத்தர் 1876-ல பைராய்ட்ங்கற ஊர்ல நாலு நாள் நடக்குற ஒரு ஓப்பராவ, அதாவது பாட்டாவே ஓடுற நாடகத்த, மேடை ஏத்துனாரு, அதுல ஆளுக்கு ஒரு மெட்டு, வாளுக்கு ஒரு மெட்டு, மோதிரத்துக்கு ஒரு மெட்டு. அப்புறம் வியன்னால பொறந்து வளந்த இசையமைப்பாளர் மேக்ஸ் ஸ்டைனர் மாதிரி ஆளுங்க 1930-கள்ல ஹாலிவுட்ல இத சினிமா டெக்னிக்கா ஆக்கிட்டாங்க. நம்ம பக்கம் இளையராஜா 1976-ல வந்ததுக்கு அப்புறம் பேக்ரவுண்ட் மியூசிக்க மட்டும் தனியா உக்காந்து கேக்குற ஒரு கூட்டமே உருவாச்சு, டயலாக்கே இல்லாத சீன்ல ஒரு புல்லாங்குழல் துண்டு வந்தா "இது அந்த ஃபர்ஸ்ட் ஹாஃப் மெட்டுடா"ன்னு கண்டுபிடிக்கிற ஆளுங்க ஒவ்வொரு டீக்கடைலயும் இருப்பாங்க.

அதுக்கு முன்னாடி நம்ம ஜனங்களுக்குப் பாட்டு தான் எல்லாமே. முதல் தமிழ் பேசும் படம் 1931 அக்டோபர் 31-ல ரிலீஸ் ஆனது இதே நார்த் மெட்ராஸ்ல தான், தங்கசாலைப் பக்கம் கினிமா சென்ட்ரல் தியேட்டர்ல. பம்பாய்ல இருந்து ரயில்ல வந்த படப் பொட்டிய வால்டாக்ஸ் ரோடு வழியா ஊர்வலமா கொண்டு போனப்ப ஜனங்க பூ எறிஞ்சு, தேங்கா ஒடச்சு, சூடம் கொளுத்துனாங்கன்னு சொல்லுவாங்க. அந்தப் படத்துல ஹீரோயின் டி.பி.ராஜலட்சுமி தமிழ்ல பேச ஹீரோ தெலுங்குல பதில் சொல்லுவாரு, அத எல்லாம் யாரும் பெருசா எடுத்துக்கல, பாட்டு கேக்கத் தான் வந்தாங்க. கதைல லாஜிக் இல்லன்னு இப்ப ரிவ்யூ போடுறவங்க இத கொஞ்சம் யோசிக்கலாம்.

சரி, ஒடம்புக்குள்ள என்ன நடக்குது? கனடால மான்ட்ரியல் நகரத்துல இருக்குற மெக்கில் யுனிவர்சிட்டி ஆளுங்க 2011-ல ஒரு ஆராய்ச்சிய வெளியிட்டாங்க. அவங்கவங்களுக்குப் புடிச்ச பாட்ட, கேட்டா சிலிர்க்கும்னு அவங்களே சொன்ன பாட்ட, போட்டுக் காட்டி மூளைய ஸ்கேன் பண்ணிப் பாத்தாங்க. டோப்பமின்னு ஒரு ரசாயனம் சுரக்குது, அது தெரிஞ்ச கதை தான். ஆனா சிலிர்க்குற அந்த நொடிக்கு கொஞ்சம் முன்னாடி, "இதோ வரப் போகுது"ன்னு மனசு காத்துட்டு இருக்கும்போது மூளைல ஒரு எடத்துல சுரக்குது, வந்து சேந்ததும் வேற ஒரு எடத்துல சுரக்குது. அதாவது காத்திருக்கறதுக்கே ஒரு கூலி இருக்கு. நம்ம கதைல அப்பா ரெண்டு ஸ்வரத்தோட மூச்சு நின்னு போறாரே, டைரக்டர் அங்க நம்மள காக்க வைக்கிறாரு. மூணாவது ஸ்வரத்தையும் அப்பாவே ஊதியிருந்தா கைத்தட்டல் கெடைக்கும், அழுகை அவ்ளோ வராது.

அந்த ஆராய்ச்சில எல்லாரும் ஏற்கனவே பழகுன பாட்டத் தான் கேட்டாங்கங்கறத கவனிங்க. படத்துக்கு இருக்கறதோ ரெண்டரை மணி நேரம், அதுக்குள்ள ஒரு புது ட்யூன நமக்குப் பழைய ட்யூனா ஆக்கணும், அதனால தான் அத்தன தடவ திரும்ப வருது. நம்ம ஊர்ல பாட்ட படத்துக்கு முன்னாடியே வெளியிடுறதுலயும் இந்த லாபம் இருக்கு, ஆட்டோல, டீக்கடைல, ஆடி மாச கோயில் ஸ்பீக்கர்ல கேட்டுக் கேட்டு பாதி வேலை முடிஞ்சு தான் தியேட்டர்ல போய் உக்கார்றோம்.

மெட்டுக்குள்ளயும் ஒரு சூட்சுமம் இருக்கு. ஜான் ஸ்லோபோடான்னு ஒரு பிரிட்டிஷ் சைக்காலஜிஸ்ட் 1991-ல எந்த எடத்துல கண்ணீர் வருது, எந்த எடத்துல சிலிர்க்குதுன்னு பாட்டு கேக்குறவங்க கிட்டயே கேட்டு அந்த எடங்கள எல்லாம் எடுத்துப் பாத்தாரு. கண்ணீர் வர்ற எடத்துல அடிக்கடி இருந்தது ஒரு வகை ஸ்வரம், வந்து நிக்க வேண்டிய ஸ்வரத்துல நேரா நிக்காம பக்கத்து ஸ்வரத்துல ஒரு நொடி சாஞ்சு, ஒரு சின்ன உறுத்தலக் குடுத்துட்டு அப்புறம் எறங்கி சேரும். சோகப் பாட்டுல பாடகர் "அம்மா"ன்னு இழுத்து எறங்குற எடம் எதையாவது நெனச்சுக்கோங்க, கிட்டத்தட்ட அதான். மெட்டு போடுறவங்களுக்கு இது கைப்பழக்கம், ஆராய்ச்சி எல்லாம் படிச்சிட்டு போடல.

இப்ப ஒரு கேள்வி. நம்ம படத்துல அம்மா செத்த சீன்ல அழாத ஆளு கூட க்ளைமாக்ஸ்ல அழுவான், ஆனா க்ளைமாக்ஸ்ல நடக்குறது நல்ல விஷயம் தானே? தொல்காப்பியத்துல மெய்ப்பாடு எட்டுன்னு ஸ்கூல்ல படிச்சிருப்பீங்க, நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. அதுல அழுகை எதனால வருதுன்னு நாலு காரணம் சொல்லியிருக்கு, இளிவு, இழவு, அசைவு, வறுமை. அதாவது அவமானம், பறிகொடுக்கறது, நல்லா இருந்த நெலைல இருந்து சரியறது, இல்லாமை. புளியந்தோப்பு அப்பாவுக்கு நாலுமே நடந்துடுச்சு பாருங்க, பொண்ணு கூச்சப்பட்டது அவமானம், பொண்டாட்டி போனது இழவு, மூச்சு போனது சரிவு, அடகுக் கடை வறுமை. செண்டிமென்ட் படம் எடுக்குற எல்லாரும் தெரிஞ்சோ தெரியாமலோ இந்த நாலையும் டிக் அடிச்சிட்டுத் தான் போறாங்க.

ஆனா க்ளைமாக்ஸ் கண்ணீர் இந்த நாலுலயும் நேரா சேராது. இத இப்ப ஆராய்ச்சி பண்றவங்கள்ல ஆலன் ஃபிஸ்க்னு ஒரு அமெரிக்கர் இருக்காரு, அவரும் அவரோட சேந்தவங்களும் இதுக்கு காம மூத்தான்னு சமஸ்கிருதத்துல இருந்து ஒரு பேரு வச்சிருக்காங்க, அன்பால மனசு அசைஞ்சு போறதுன்னு அர்த்தம். அவங்க சொல்றது, ரெண்டு பேருக்கு நடுவுல இருந்த நெருக்கம் திடீர்னு ஒரு நொடில கூடும்போது, அத நாம சும்மா பக்கத்துல நின்னு பாத்தா கூட, கண்ணு கலங்கும், நெஞ்சு சூடாகும், ரோமம் நிக்கும். ஏர்போர்ட்ல துபாய்ல இருந்து வந்த அப்பாவ கொழந்த ஓடிப் போய் கட்டிக்கிறத பாத்தா நமக்கு சம்பந்தமே இல்லன்னாலும் ஒரு மாதிரி ஆகுதுல்ல, அதே விஷயம். அப்போ முன்னாடி வந்த அந்த நாலு சோகமும் எதுக்குன்னா, ரெண்டு பேரையும் தூரமா தள்ளி வைக்கறதுக்கு. தூரம் அதிகமானா தான் சேரும்போது அந்த அடி விழும்.

அழறதுக்கும் பாட்டுக்கும் உள்ள சம்பந்தம் நம்ம ஏரியாவுக்கு யாரும் வந்து கத்துக் குடுக்க வேண்டியதில்ல. வியாசர்பாடி, புளியந்தோப்பு, காசிமேடு பக்கம் சாவு வீட்டுல ராத்திரி முழுக்க மரண கானா பாடுறத கேட்டிருக்கீங்களா? போனவரு பேரு, அவரு பண்ண தொழிலு, பொண்டாட்டி புள்ளைங்க பேரு எல்லாத்தையும் மெட்டுக்குள்ள கோத்து விடுவாங்க. அதுவரைக்கும் கல்லு மாதிரி உக்காந்திருந்த பெரிய புள்ள தன் பேரு பாட்டுல வந்ததும் ஒடஞ்சிடுவான், ஒடையணும்னு தான் பாடுறவரு அந்தப் பேர அங்க வைக்கிறாரு. யாரும் அத ஏமாத்து வேலைன்னு சொல்றதில்ல, அது அவரோட தொழில் நேர்த்தி. சினிமாக்காரன் அதே வேலைய செஞ்சா மட்டும் "எமோஷனலா மேனிபுலேட் பண்றான்"னு ஒரு பேச்சு வருது. எனக்கு அந்தப் பேச்சு பாதி தான் ஒத்துக்க முடியுது. அழ வைக்கிறது தப்பில்ல, சீட்டு கட்டாமலே பணம் கேக்குறது தான் தப்பு, அதாவது அந்த அப்பா பொண்ணு உறவ ஒழுங்கா காட்டாம நாப்பது வயலின மட்டும் கொண்டு வந்து எறக்குறது. நடிக்கிறவங்க மூஞ்சில ஒரு அசைவும் வர்றதுக்கு முன்னாடி பேக்ரவுண்ட் மியூசிக் ஒப்பாரி வச்சா பாக்குறவனுக்கு சிரிப்பு தான் வரும், கிரிஞ்சுன்னு பசங்க சொல்றது பெரும்பாலும் இந்த எடத்தத் தான்.

அழாதவங்கள்லயும் பல ரகம் இருக்காங்க. ராயபுரத்துல சர்ச் கொயர்ல கீபோர்டு வாசிக்கிற பையன கூட்டிட்டுப் போய் இந்த மாதிரி படத்துல உக்கார வச்சா அவன் கண்ணு நடிகரோட வெரல விட்டு நகராது, ட்ரம்பெட்ல அமுக்குற வால்வுக்கும் கேக்குற ஸ்வரத்துக்கும் சம்பந்தமே இல்லயேன்னு பக்கத்துல இருக்குறவனக் கிள்ளிட்டு இருப்பான், அவனுக்கு எங்க கண்ணீர் வரும். அப்புறம் நெஜமாவே பேண்டு செட்டுக்காரர் வீட்டுல பொறந்தவங்க. அவங்க ரெண்டு பக்கமும் போவாங்க, சில பேரு டைட்டில் கார்டுலயே அழ ஆரம்பிச்சிடுவாங்க, சில பேரு "வாங்குன கூலிய அப்படியே டாஸ்மாக்ல குடுத்துட்டு வந்த ஆள சாமி ஆக்கிட்டான்"னு கடுப்பாகி எழுந்து வந்துடுவாங்க. பீட்டர் ஜனாட்டான்னு கலிஃபோர்னியால ஒரு ஆராய்ச்சியாளர் 2009-ல எழுதுன ஆராய்ச்சி ஒண்ணு இருக்கு, பழகுன பாட்டு கேக்கும்போது சொந்த வாழ்க்கை நெனப்பு கெளம்புதுன்னா நெத்திக்கு நேர் பின்னாடி மூளைல ஒரு பகுதி பாட்டையும் நெனப்பையும் சேத்துக் கோக்குதுன்னு. தியேட்டர்ல ஓடுறது ஒரு படம், அந்த அக்கா மண்டைக்குள்ள ஓடுறது அவங்க அப்பாவோட படம், அதனால அவங்க குடுத்த மார்க்க வச்சு நீங்க டிக்கெட் எடுத்தா ஏமாறலாம்.

இன்னொரு கடுப்பு இருக்கு, அது எனக்கும் உண்டு. இந்த மாதிரி படங்கள்ல நம்ம ஏரியாவ காட்டுனா கானா பாடுறவன் காமெடியன், இல்ல ரவுடிக்கு பக்கத்துல நிக்கிறவன். கடைசில பெரிய சபா மேடைலயோ டிவி போட்டிலயோ கோட்டு போட்ட ஜட்ஜ் எழுந்து நின்னு கண்ணத் தொடச்சா தான் அந்தப் பொண்ணு பாட்டுக்கு மதிப்பு. தெருவுல கேட்ட ஜனங்க அழுதது கணக்குல வராதா? தேவா சினிமால கானாவ எறக்கி எவ்ளோ வருஷம் ஆச்சு, டைரக்டர் பா.ரஞ்சித்தும் இசையமைப்பாளர் தென்மாவும் சேந்து தொடங்குன தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்ங்கற இசைக்குழு 2018 ஜனவரில கீழ்ப்பாக்கத்துல கானாவ மெயின் மேடைல நிக்க வச்சாச்சு, சினிமா க்ளைமாக்ஸ் மட்டும் இன்னும் அந்த ஜட்ஜ் மூஞ்சியவே பாத்துட்டு இருக்கு.

ஜட்ஜ் மூஞ்சிய காட்டறதுலயும் ஒரு தொழில் ரகசியம் இருக்கு. சுமார் நூறு வருஷத்துக்கு முன்னாடி ரஷ்யால லெவ் குலெஷோவ்னு ஒரு டைரக்டர், ஒரு நடிகரோட எந்த உணர்ச்சியும் இல்லாத ஒரே முகத்த ஒரு தடவ சூப்பு கிண்ணத்தோட, ஒரு தடவ சவப்பெட்டில இருக்குற கொழந்தையோட, ஒரு தடவ ஒரு பொண்ணோட ஒட்டிக் காட்டுனாரு. பாத்தவங்க என்னமா பசி, என்னமா சோகம், என்னமா ஆசைன்னு நடிப்ப புகழ்ந்தாங்களாம். க்ளைமாக்ஸ்ல கடைசி வரிசை அப்பா சும்மா தான் நிப்பாரு, அவரு மூஞ்சில இருக்குற சோகத்துல முக்காவாசி நாம போட்டது. அந்த ஹால்ல உக்காந்திருக்குற கூட்டத்த காட்டறது, ஒரு பாட்டி முந்தானைல கண்ணத் தொடைக்கறது, இதெல்லாம் நமக்கு "இப்ப அழலாம், வெக்கப்பட வேணாம்"னு குடுக்குற பர்மிஷன்.

பக்கத்து சீட்டுல உறிஞ்சுற சத்தமும் அதே பர்மிஷன் தான், இருட்டும் சேந்துக்கும். வீட்டுல அது கெடைக்காது. தண்டையார்பேட்டை அகஸ்தியா 2020-ல மூடிட்டாங்க, பெரம்பூர் பிருந்தா 2025-ல மூடிட்டாங்க, இப்ப பாதி குடும்பம் ஓடிடில ஹால் லைட்டப் போட்டுக்கினு பாக்குது, குக்கர் விசில் வருது, அந்த ட்யூன் திரும்ப வர்ற நேரம் பாத்து வீட்டுக்காரரு "தண்ணி குடிச்சிட்டு வரேன்"னு எழுந்து கிச்சனுக்குப் போவாரு. தண்ணி குடிக்க அவ்ளோ நேரம் ஆகாது, வீட்டுல எல்லாருக்கும் தெரியும், யாரும் கேக்க மாட்டாங்க.

செஞ்சு பாக்கணும்னா ஒரு வழி இருக்கு. உங்கள அழ வச்ச படத்தோட க்ளைமாக்ஸ மட்டும் ஃபோன்ல எடுத்து முதல்ல ம்யூட்ல பாருங்க, அப்புறம் ஸ்க்ரீன கவுத்து வச்சுட்டு சத்தத்த மட்டும் கேளுங்க. எதுல தொண்ட அடைக்குதுன்னு உங்களுக்கே தெரியும், என்னைய கேட்டா ரெண்டாவதுல தான். அப்புறம் அந்தப் படமே பாக்காத ஒரு ஆள் கிட்ட அதே சத்தத்த போட்டுக் காட்டுங்க. நீங்க கண்ண கசக்கிட்டு இருப்பீங்க, அவன் "நல்லா இருக்கு மச்சான், யாரு மியூசிக்கு?"ன்னு கேப்பான்.